கட்டப்பனைத் தவளையும் ஆராய்ச்சி ஏடுகளின் நேர்மையும்

2003-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதியன்று, லண்டனிலிருந்து வெளியாகும் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான வார ஏட்டில், இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனைப் பகுதியில் கிடைத்த தவளை ஒன்றைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை பிரசுரமாயிற்று. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தில் அப்பொழுது பணியாற்றி வந்த எஸ். டி. பிஜு என்பவரும், பெல்ஜியம் நாட்டுத் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்கி பொஸ்ஸுய்ட் என்பவரும் அதனை எழுதியிருந்தனர். தவளைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘நாசிகபட்ராகஸ் சஹ்யாத்ரென்ஸிஸ்’ என்பதாகும். நாசிகை என்றால் மூக்கு. சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலை. இடையிலுள்ள கிரேக்கச் சொல்லுக்குத் தவளை என்று பொருள்.

ஊதா நிறமும், ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் நீளமும், ஊதிப் பருத்த உடலும், பன்றியின் மூக்கை நினைவூட்டும் கூரிய முகமும் உடையது இப்பிராணி. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியிலேயே கறையானைத் தின்று கழித்துவிட்டு, மழை தொடங்கும் காலத்தில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்திற்காக வெளியே வரும். இதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவில் இல்லை. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இந்துமகா சமுத்திரத்திலுள்ள செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்த காலத்தில் தோன்றிய மரபு இது என்பது கட்டுரையின் சாரம். இவ்வினத்திற்காகத் தனியாக ஒரு குடும்பமே புதிதாக வகுக்கப்பட்டது.

ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த ஒரு மலையூரின் மண்ணிலிருந்து கிடைத்த உயிரைக் காட்டி, கண்டங்கள் பிரிந்த வரலாற்றைப் பற்றிக் கூறுவது சிறிய கூற்று அன்று. இவ்வளவு பெரிய கூற்றை உலகம் எதை நம்பி ஏற்றுக்கொள்கிறது? எழுதியவரின் பட்டத்தையோ பதவியையோ நம்பி அன்று. எந்த மாதிரி, எங்கே, எந்த நாளில், யாரால் எடுக்கப்பட்டு, இப்பொழுது எந்தப் பொருட்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கட்டுரை கூறவேண்டும். ஐயுறுவோர் எவரும் சென்று பார்த்துச் சரிபார்க்கக்கூடிய நிலையில் அது இருக்கவேண்டும். வனத்துறை, வேளாண்மைத்துறை ஆகியவற்றின் களப் பணியாளர்களுக்கும், மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று உயிரினங்களைக் காட்டும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இவ்விஷயத்தில் நேரடியான பங்கு உண்டு. எங்கே, எந்த நாளில் என்னும் வினாக்களுக்குரிய விடை முதன்முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் அவர்கள் கையால்தான்.

முன்பே கண்டவர்கள்

விஞ்ஞான உலகம் 2003-இல்தான் பெயரிட்டது என்றாலும், மலைவாசிகள் இதனை அதற்கு வெகு காலம் முன்பே அறிந்திருந்தனர். மலையாளத்தில் இதற்குப் பாதாளத் தவளை என்ற பெயர் வழங்குகிறது. இடுக்கிப் பகுதியில் ஓடைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் இதன் தலைப்பிரட்டைகளைச் சில மலைவாழ் மக்கள் உணவுக்காகச் சேகரிப்பது வழக்கம். இதுவே இவ்வினத்திற்கு ஓர் அபாயமாகும் எனப் பின்னாளில் 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியாயிற்று. எந்த ஓடையில், எந்த மாதத்தில் இவை கிடைக்கும் என்பதை அம்மக்கள் ஒவ்வோர் ஆண்டும் பார்த்தறிந்து வைத்திருந்தனர்.

அச்சிலும் இத்தவளையின் ஒரு பகுதி முன்பே இடம்பெற்றிருந்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநரான நெல்சன் ஆனண்டேல் என்பவரும், பெங்களூர் மத்தியக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியரான சி. ஆர். நாராயணராவ் என்பவரும், 1917-ஆம் ஆண்டளவிலேயே, வேகமாக ஓடும் நீரில் பாறையைப் பற்றிக்கொள்ள வாயில் உறிஞ்சு கருவி கொண்ட விசித்திரமான தலைப்பிரட்டை ஒன்றை வர்ணித்திருந்தனர். அது வளர்ந்து எந்தத் தவளையாகிறது என்பதை அன்று கூற இயலவில்லை. ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வளர்ந்த தவளை ஏட்டில் ஏறியபோது, பழைய வர்ணனையைப் புதியதுடன் ஒப்பிட்டு நோக்க முடிந்தது. கண்டதைக் கண்ட அளவில் எழுதி, காணாததை ஊகித்து நிரப்பாமல் விட்டதனால் கிடைத்த பலன் அது.

நாராயணராவ் பற்றி மேலும் ஒரு செய்தி இங்கே குறிப்பிடத்தக்கது. 1932-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பெற்ற ‘கரண்ட் சயன்ஸ்’ என்னும் விஞ்ஞான சஞ்சிகையின் முதல் பத்திராதிபர் அவரே. தென்னாட்டுத் தவளைகளில் பல புதிய வகைகளை 1937-இல் அவர் வர்ணித்தார். ஆனால் பெங்களூர்க் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்த அவ்வகைகளின் மூல மாதிரிகள் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் தேடியபோது கிடைக்கவில்லை. இன்று காட்டில் பிடிபடும் ஒரு தவளை அவர் கண்ட அதே தவளைதானா என்று அறிய விரும்புவோருக்கு அவருடைய எழுத்து மட்டுமே மிஞ்சியுள்ளது. எழுத்து எவ்வளவு கவனமானதாயினும், கண்ணாடிக் குப்பியில் சாராயத்தில் மிதக்கும் மாதிரிக்கு ஈடாவதில்லை. அவருடைய பெயரை நினைவுகூரும் வகையில் ‘ராஓர்கெஸ்டெஸ்’ என்று 2010-இல் ஒரு தவளைப் பேரினத்திற்குப் பெயரிடப்பட்டிருப்பது பொருத்தமே.

நிபுணர் பரிசீலனை என்பது யாது?

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று பத்திராதிபரின் கைக்கு வந்ததும் அவர் அதனை உடனே அச்சுக்கு அனுப்புவதில்லை. அத்துறையில் உழைத்துவரும் வேறு இரண்டு அல்லது மூன்று நிபுணர்களிடம் அனுப்பி அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்கிறார். இவர்களை ரெபரிகள் என்பர். கேட்ட வினாவுக்குக் கையாண்ட முறை ஏற்றதா, சான்றுகள் முடிவைத் தாங்குமா, முன்பு இத்துறையில் எழுதியோர் முறையாகக் குறிப்பிடப்பட்டுள்ளனரா என்பவற்றை அவர்கள் பார்க்கின்றனர். பெரும்பாலான ஏடுகளில் ரெபரியின் பெயர் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. இப்பணிக்குச் சாதாரணமாக ஊதியமும் இல்லை.

இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. லண்டன் ராயல் சொஸைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665-இல் தமது ஏட்டைத் தொடங்கியபோது, எதை வெளியிடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே தீர்மானித்தார். 1752-இல் அச்சங்கம் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழுவை அமைத்தது. 1830-களில்தான் எழுத்து மூலமான ரெபரி அறிக்கைகள் அங்கே வழக்கிற்கு வந்தன. ‘நேச்சர்’ ஏடு எல்லா ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் வெளி நிபுணர் பரிசீலனையைக் கட்டாயமாக்கியது 1973-இல்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

மேதைகளும் இப்பரிசீலனையை எப்பொழுதும் விரும்பி ஏற்றார்கள் எனக் கூறுவதற்கில்லை. 1936-இல் ஐன்ஸ்டைன், ரோஸன் என்னும் தமது உதவியாளருடன் சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற முடிவுடன் ஒரு கட்டுரையை அமெரிக்க ‘பிஸிகல் ரிவ்யூ’ ஏட்டிற்கு அனுப்பினார். பத்திராதிபர் அதனை ஒரு ரெபரியிடம் காட்டினார். ரெபரி பிழை ஒன்றைச் சுட்டினார். தம்முடைய அனுமதியின்றிக் கட்டுரையைப் பிறருக்குக் காட்டியதாகச் சினந்து ஐன்ஸ்டைன் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அடுத்த ஆண்டு வேறோர் ஏட்டில் அது வெளியானபோது முடிவு மாற்றப்பட்டிருந்தது. ரெபரி சுட்டிய பிழை மெய்யான பிழையே. ஈர்ப்பு அலைகள் 2015-இல் கருவிகளில் பதிவாயின. அச்செய்தி 2016-இல் வெளியிடப்பட்டது.

ரெபரியின் கண்ணுக்கு எட்டாதவை

கணக்கிலுள்ள பிழையை மேஜைக்கு முன் அமர்ந்தே கண்டுவிடலாம். காட்டில் எழுதிய பொய்யைக் காண்பது அவ்வாறு எளிதன்று. கட்டுரையில் ‘இவ்விடத்தில் கிடைத்தது’ என்று இருந்தால், ரெபரி அதனை நம்பியே மேலே செல்கிறார். அவர் அந்த மலையில் ஏறியவர் அல்லர். ஏறிப் பார்க்க அவருக்கு அவகாசமும் இல்லை.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றப்படலாம் என்பதைச் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் வி. ஜே. குப்தாவின் விவகாரம் காட்டிற்று. இமயமலைப் பாறைகளில் கிடைத்தவை எனக் கூறி அவர் கால் நூற்றாண்டுக் காலம் புதைபடிவங்களைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டு வந்தார். உடன் கையொப்பமிட்டவர்களே நூற்றுக்கு மேற்பட்டவர்கள். ஆஸ்திரேலிய நிலவியலார் ஜான் டேலண்ட் 1989 ஏப்ரல் மாதம் ‘நேச்சர்’ ஏட்டில் இவற்றை அம்பலப்படுத்தினார். இமயத்தில் கிடைத்தனவாகக் கூறப்பட்டவற்றுள் சில, மொராக்கோ நாட்டிலும் நியூயார்க் மாநிலத்திலும் கிடைக்கும் படிவங்களை அச்சாக ஒத்திருந்தன. ஒரே படிவம் வெவ்வேறு இடங்களில் கிடைத்ததாக வெவ்வேறு கட்டுரைகளில் காட்டப்பட்டிருந்தது. பின்னர் பல்கலைக்கழகம் நடத்திய விசாரணையிலும் குற்றம் மெய்யென முடிவாயிற்று. ஆயினும் அவர் பணியிலிருந்து நீக்கப்படவில்லை.

இதில் கவனிக்கவேண்டியவர் குப்தா ஒருவர் மட்டுமல்லர். உடன் பெயர் கொடுத்தவர்களில் பலர் அனுப்பப்பட்ட படிவங்களை ஆராய்ந்து அடையாளம் கூறியவர்களே. அப்படிவங்கள் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட இடத்தை அவர்கள் கண்டதில்லை. ஒரு கட்டுரையில் பெயர் இடம்பெறச் சம்மதிப்பது அதிலுள்ள உண்மைக்குப் பிணை நிற்பதாகும் என்ற எண்ணம் அன்று அத்துணை வலுவாக இருக்கவில்லை.

பொய்ச் சீட்டினால் விளையும் தீங்கு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. மத்திய இந்தியாவில் வாழும் காட்டுச் சிற்றாந்தை என்னும் பறவை 1873-இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. உலகப் பொருட்காட்சிச் சாலைகளில் இருந்தவை ஏழு மாதிரிகளே. அவற்றுள் ஒன்று, தபதி ஆற்றங்கரையிலுள்ள மாண்ட்வி என்னும் இடத்தில் 1914-இல் தம்மால் சுடப்பட்டது எனப் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியான ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் சீட்டு எழுதி வைத்திருந்தார். வெகு காலம் அதுவே இப்பறவையின் கடைசி ஆதாரமாகக் கருதப்பட்டது.

அமெரிக்கப் பறவையியலார் பமீலா ராஸ்முஸனும் பிரிட்டனைச் சேர்ந்த நைஜல் காலரும் அம்மாதிரியை எக்ஸ்-ரே கொண்டும் பிற முறைகளிலும் ஆராய்ந்தனர். முன்பே ஒருவர் பதம்செய்து வைத்திருந்த தோலைப் பிரித்து மீண்டும் தைத்திருப்பது புலனாயிற்று. 1880-களில் காந்தேஷ் பகுதியில் ஜேம்ஸ் டேவிட்சன் என்னும் அதிகாரி சேகரித்த பறவையைத் திருடித் தம்முடையதாக்கிக் கொண்டிருந்தார் மைனர்ட்ஸ்ஹேகன். 1914-ஆம் ஆண்டும் மாண்ட்வியும் கற்பனையே. பொய்ச் சீட்டை ஒதுக்கி, மெய்யான பழைய சீட்டுகள் காட்டிய இடங்களையே ராஸ்முஸன் குழுவினர் தேடிச் சென்றனர். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்து ஷஹாதாவுக்கு அருகே, நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அச்சிற்றாந்தை உயிருடன் காணப்பட்டது. மோசடியைப் பற்றிய கட்டுரை 1999-இல் ‘ஐபிஸ்’ என்னும் பறவையியல் ஏட்டில் வெளியாயிற்று. டேவிட்சன் நூறாண்டுகளுக்கு முன் எழுதிய இடத்தின் பெயர் இவ்வளவு காலம் கழித்தும் வழிகாட்டியது.

‘ஆனைமலை’ என்று எழுதினால் போதுமா?

இந்நிலையில் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளுக்குத் தனியான முக்கியத்துவம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை நீண்டு செல்லுகையில் பாலக்காட்டருகே இடைவெளி விட்டு, ஏறக்குறைய 30 அல்லது 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாயாகத் தாழ்ந்து விடுகிறது. வடபுறத்தில் அமைதிப் பள்ளத்தாக்கும் நீலகிரியும். தென்புறத்தில் நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், ஆனைமலை, மூணாறு, ஏலமலை. மலை உச்சியில் வாழும் பல சிற்றுயிர்களுக்கு இக்கணவாய் கடக்க இயலாத வேலியாகும். ஆதலால் ஒரு தவளை கணவாய்க்கு வடக்கே கிடைத்ததா, தெற்கே கிடைத்ததா என்பது அஞ்சல் முகவரி போன்ற அற்ப விஷயம் அன்று. அதன் வரலாறே அதில் அடங்கியிருக்கலாம்.

கட்டப்பனைத் தவளை கணவாய்க்குத் தெற்கே மட்டும் உள்ளதென்றே முதலில் எண்ணப்பட்டது. பின்னர் 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் வெளியான குறிப்புகள் அதன் வாழ்பரப்பு வடக்கேயும் நீள்வதைக் காட்டின. இவற்றில் ஒன்று ‘கரண்ட் சயன்ஸ்’ ஏட்டில் வந்தது. இத்தகைய குறிப்புகள் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேற்படுவதில்லை. ஆனால் ‘இன்ன மாவட்டம், இன்ன காட்டுப் பிரிவு, இன்ன ஓடை, இன்ன தேதி’ என்று அவை கூறுவதனாலேயே பழைய கருத்து திருந்துகிறது.

பழங்காலத்துச் சேகரிப்பாளர்களிடம் இக்கவனம் எப்பொழுதும் இருந்ததில்லை. சென்னை மாகாண வனத்துறையில் உயர் பதவி வகித்த கர்னல் பெட்டோம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளில் தாவரங்களையும் பாம்புகளையும் தவளைகளையும் சேகரித்ததில் இணையற்றவர். இன்றைய வனத்துறையினர் பெருமையுடன் முன்னோடியாகக் கொள்ளத்தக்கவர். ஆனால் அவர் அனுப்பிய மாதிரிகள் சிலவற்றில் ‘மலபார்’ என்ற ஒரு சொல்லே இடப்பெயராக இருந்தது. மலபார் என்றால் எந்த மலை, எந்த உயரம்? அச்சொல்லின் பொருளை வரையறுக்கப் பிற்காலத்தவர் பட்ட பாடு சொல்லி முடியாது. ‘ஆனைமலை’ என்பதும் அதே போன்ற சொல்தான். அத்தொடர் தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கமும், கேரளத்தில் பாலக்காடு, திருச்சூர், இடுக்கி மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. ஒரே இடம் தமிழில் ஒரு பெயராலும், மலையாளத்தில் மற்றொன்றாலும், எஸ்டேட்டு ஆவணத்தில் மூன்றாவதாலும் வழங்குவது எல்லைப்புறத்தில் சகஜம். ஆகவே பீட் அல்லது செக்‌ஷன் பெயர், கிராமம், கடல்மட்டத்திலிருந்து உயரம், கருவி இருப்பின் அட்சரேகை தீர்க்கரேகை ஆகிய யாவற்றையும் அன்றைக்கே, அவ்விடத்திலேயே, நாட்குறிப்பில் எழுதிக்கொள்வது அவசியம். இரவு முகாமுக்குத் திரும்பிய பிறகு ஞாபகத்திலிருந்து எழுதுவதில் பிழை புகுந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். இடத்தை மிக நுட்பமாக அச்சில் வெளியிடுவதனால் உயிருக்கே ஆபத்து நேர்ந்ததும் உண்டு. தென்சீனத்தில் 1999-இல் பெயரிடப்பட்ட ஒரு குகைப் பல்லியை வியாபாரிகள் அக்கட்டுரையின் உதவியால் தேடிப் பிடித்து, அவ்விடத்தில் அதனை அற்றுப்போகச் செய்தனர். அரிய உயிர்களின் இருப்பிடத்தை ஏடுகளில் வெளியிடலாகாது என 2017-இல் ‘சயன்ஸ்’ ஏட்டில் இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வாதாடினர். இதற்கு நடைமுறையில் கண்டுள்ள வழி, நுட்பமான விவரத்தைப் பொருட்காட்சிச் சாலையின் பதிவேட்டிலும் துறையின் கோப்பிலும் காத்து, அச்சில் பொதுவான இடப்பெயரை மட்டும் தருவதாகும். அச்சில் குறைத்துச் சொல்வது வேறு. குறிப்பேட்டில் குறைத்து எழுதுவது வேறு. முன்னது பாதுகாப்பு, பின்னது அலட்சியம்.

பெயரிடுவதில் முந்துதல்

புதிய விலங்கினத்துக்கு முதலில் அச்சில் பெயரிட்டவரின் பெயரே நிலைக்கும் என்பது சர்வதேச விலங்குப் பெயரிடல் விதி. இவ்விதித் தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அமலில் உள்ளது. பெயர் செல்லுபடியாவதற்கு நிபுணர் பரிசீலனை வேண்டுமென்று அவ்விதி கூறவில்லை என்பதை அறிவோர் சிலரே. முறையாகப் பிரசுரமானால் போதும். ஆகவே அரைகுறை ஆராய்ச்சியுடன் முந்திப் பெயரிட்டுப் புகழ் தேடுவோருக்கும் கதவு திறந்தே உள்ளது.

அத்தொகுப்பின் பிற்சேர்க்கையாக ஓர் ஒழுக்க நெறி உள்ளது. ஓர் இனத்தைப் பிறரொருவர் முன்பே இனங்கண்டு பெயரிடக் கருதியுள்ளார் எனத் தெரிந்தால், அவருக்குத் தெரிவித்து, ஓராண்டுக்குக் குறையாமல் காத்திருக்கவேண்டும் என்பது அதிலுள்ள அறிவுரை. இதை மீறியவரைத் தண்டிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

கட்டப்பனைத் தவளை விஷயத்தில் 2004 ஜனவரியில் நடந்தது இதற்கொரு நல்ல உதாரணம். ஆனைமலையில் கிடைத்த இதே மரபைச் சேர்ந்த தவளை ஒன்றைப் பற்றி எஸ். கே. தத்தாவும் அவருடன் உழைத்தோரும் ‘கரண்ட் சயன்ஸ்’ ஏட்டில் எழுதினர். நாராயணராவ் தொடங்கி நடத்திய அதே ஏடு. முந்தைய கட்டுரையிலிருந்து மூன்று மாதங்களே கழிந்திருந்தன. தங்கள் தவளைக்கு அவசரப்பட்டுப் புதுப் பெயர் எதையும் அவர்கள் நிலைநாட்டவில்லை. இம்மரபில் இரண்டாவது இனம் பெயர் பெற்றது 2017-இல்தான். தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ‘அலைட்ஸ்’ என்னும் ஏட்டில் அது வர்ணிக்கப்பட்டது. கோயமுத்தூர் சாலிம் அலி நிலையத்தில் பணியாற்றி, 2014-இல் அகஸ்தியமலையில் களப் பணியின்போது உயிர் நீத்த எஸ். பூபதியின் நினைவாக ‘நாசிகபட்ராகஸ் பூபதி’ என்று அதற்குப் பெயர் வைத்தனர்.

காசுக்கு அச்சிடும் ஏடுகள்

பரிசீலனை என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டணம் பெற்று, வந்ததை வந்தபடி சில நாட்களுக்குள் வெளியிடும் ஏடுகள் இந்நூற்றாண்டில் பெருகியுள்ளன. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கை கணக்கிடப்பட்டதே இவற்றின் வளர்ச்சிக்கு உரமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு தான் அங்கீகரித்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 ஏடுகளை நீக்க நேர்ந்தது. அப்பட்டியலில் பல்கலைக்கழகங்களின் சிபாரிசால் சேர்ந்த ஏடுகளுள் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவற்றை ஆராய்ந்த பூஷண் பட்வர்தன் குழுவினர், நூற்றுக்கு 88-க்கு மேற்பட்டவை தரக்குறைவானவை என அதே ஆண்டு ‘கரண்ட் சயன்ஸ்’ ஏட்டில் எழுதினர். பின்னர் ஏற்படுத்தப்பட்ட ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, ஏட்டின் தரத்தைக் கணிக்கும் பொறுப்பு உயர்கல்வி நிலையங்களிடமே விடப்பட்டது.

எழுத்துத் திருட்டைத் தடுக்க 2018 ஜூலையில் வெளியான விதிகள், பிற நூல்களுடன் ஒப்புமை 10 சதவீதம் வரை இருப்பின் தண்டனை இல்லை என்றும், 60 சதவீதத்துக்கு மேற்பட்டால் மாணவரின் பதிவே ரத்தாகும் என்றும் கூறுகின்றன. சொற்களை எண்ணி இவ்வாறு அளந்துவிடலாம். ஒரு வரியும் பிறரிடமிருந்து எடுக்காமல், எல்லா எண்களையும் சொந்தமாகவே கற்பனை செய்தவர் இச்சல்லடையில் சிக்கமாட்டார் என்பதையும் உடன் நினைவில் கொள்ளவேண்டும்.

பணியாளர்கள் கவனிக்க வேண்டியவை

வெளியூரிலிருந்து வரும் ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டியாகச் செல்லும் வனக் காவலரும் வாட்சரும், உள்ளூர் முதுவர், மன்னான், காடர் முதலிய மக்களும் தரும் தகவல் கட்டுரையில் நன்றியுரையில் இடம்பெறுவதே முறை. தகவல் மட்டுமன்றி, ஆய்வின் திட்டத்திலும் கணிப்பிலும் எழுத்திலும் பங்குகொண்டு முழுமைக்கும் பதில் சொல்லக் கூடியவர் கட்டுரையாசிரியராகவே பெயர் பெறலாம். இதில் இரு திசைகளிலும் தவறு நேர்கிறது. உழைத்தவர் பெயர் விடுபடுகிறது. உழைக்காத மேலதிகாரியின் பெயர் மரியாதைக்காகச் சேர்க்கப்படுகிறது. குப்தா விவகாரத்தில் கையொப்பமிட்டோரின் கதி இரண்டாவது வகையினருக்கு எச்சரிக்கையாகும்.

மாதிரி எதனையும் எடுப்பதற்கு வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு உயிரைப் பிடிக்கச் செய்யலாகாது. நிழற்படமும், ஒலிப்பதிவும், தேதியிட்ட குறிப்பும் போதுமானவை. கேட்டறிந்ததை ‘இன்னார் கூறியது’ என்றும், கண்டதை ‘நேரில் கண்டது’ என்றும் பிரித்து எழுதவேண்டும். ஓரிடத்தில் தேடியும் கிடைக்காவிட்டால் அதையும் தேதியுடன் எழுதவேண்டும். ஏடுகளில் அதற்கு இடம் அரிது எனினும் குறிப்பேட்டில் அதற்கு மதிப்பு உண்டு. பிழையாக எழுதியதை ரப்பரால் அழிக்காமல் ஒரு கோடிட்டு அடித்து, திருத்தத்தைப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பமிடுவது நல்ல வழக்கம்.

இடவப்பாதி மழைக்கு முன்னதாகக் கோடை மழை இரண்டு மூன்று பெய்து மண் நெகிழ்ந்ததும், ஆண் பாதாளத் தவளைகள் வளைக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கத் தொடங்கும். ஓடைக்கரையில் மண்ணுக்கு அடியிலிருந்து எழும் அவ்வொலியை முதன்முதலாகக் கேட்ட தேதி, நேரம், அதற்கு முந்தைய நாள் பெய்த மழையின் அளவு, ஓடையின் பெயர் ஆகிய நான்கையும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே குறிப்பேட்டில் எழுதிவருவது ஒரு பீட்டில் பணிபுரியும் காவலருக்கு அதிக வேலை அன்று. அவர் மாற்றலாகிச் செல்லும்போது அக்குறிப்பேடு அடுத்து வருபவரிடம் கையொப்பத்துடன் ஒப்படைக்கப்பட வேண்டும்.